நடந்து காட்டியவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரே கறிக்கடையில் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், கம்பெனிக்கு வந்து இங்கிலீஷ் படி என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. ஆனாலும் வந்தார்கள். இங்கிலீஷ் மேல் இருந்த ஆசை ஒன்றும் காரணம் அல்ல. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் போன முறை வந்தபோது, தைக்கிறவர்கள் எல்லாம் பெண்கள், மேய்க்கிறவர்கள் மட்டும் ஏன் ஆண்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேனேஜர் சிவபிரகாஷுக்கு ஞானம் பிறந்தது. டெய்லர்களில் ஒருத்தியைச் சூப்பர்வைசர் ஆக்குவது, அவள் வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் நாலு வார்த்தை பேசுகிறவளாக இருப்பது, அதற்கு ஒரு வகுப்பு வைப்பது என்று முடிவானது. கேன்டீன் மேசைகளை ஓரம் கட்டிவிட்டு, சாம்பார் வாடை போகாத சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினார்கள்.

அந்த வேலை சத்யப்பிரியாவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சத்யப்பிரியாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சாமளாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். யாரை ஒரு தடவை பார்த்தாலும் அவர்கள் நிற்பது, நடப்பது, மூக்கைச் சொறிவது என்று அச்சு அசலாகச் செய்து காட்டிவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்து நின்றாலே சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சோற்றை விழுங்கிவிட்டுச் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். சிரிக்க வைக்கிறவளை எல்லோருக்கும் பிடிக்கும் என்று அவள் நம்பினாள். சிரிக்கிறவர்களைப் பார்த்தால் அது உண்மை மாதிரிதான் இருந்தது.

பக்கத்து மிஷினில் ராமுத்தாய். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, சத்யப்பிரியாவைவிட ரொம்பவே மூத்தவள். கல்யாணமான புதிதில் புருஷன் இசக்கிமுத்துவோடு திருப்பூருக்கு வந்து, வந்த நாளிலிருந்து துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். மதியம் இரண்டு பேரும் டிபன் டப்பாவை ஒன்றாகத் திறப்பார்கள். சத்யப்பிரியா கொண்டுவரும் கொள்ளுப்பருப்பை ராமுத்தாயும், ராமுத்தாய் கொண்டுவரும் கருவாட்டை இவளும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் கருவாடு புழங்காத சத்யப்பிரியாவுக்கு அதில் ஒரு திருட்டு ருசி.

வகுப்புக்கு ராமுத்தாய் வந்ததே சத்யப்பிரியா இழுத்துக்கொண்டு வந்ததால்தான். ஆனால் சத்யப்பிரியா சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டது ராமுத்தாய்.

"நீ சூப்பர்வைசர் ஆயிரு பிள்ள. உன்ட்டன்னா கார்டு கேக்கக் கூச்சமா இருக்காது" என்று அடிக்கடி சொல்வாள்.

கார்டு என்றால் பாத்ரூம் கார்டு. ஒரு வரிசை மிஷின்கள் சேர்ந்த லைனுக்கு ஒன்றே ஒன்று. போகிறவர்கள் அதைச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் கொடுத்துவிட வேண்டும். இவர்கள் லைனுக்குச் சூப்பர்வைசர் முனீஸ். அவன் கெட்டவன் இல்லை. ஒரு வார்த்தை கூடச் சொல்ல மாட்டான். கார்டைக் கொடுக்கும்போது கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து காலையில் வந்ததிலிருந்து சாப்பாட்டு மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் அந்த லைனில் பாதிப் பேர்.

"ஆகட்டுங்க்கா. உங்களுக்குன்னு தங்கத்துல ஒரு கார்டு அடிச்சுக் குடுத்தர்றனுங்க" என்பாள் சத்யப்பிரியா. ராமுத்தாய் சிரித்துக்கொள்வாள். ஏன் இந்த அக்கா திரும்பத் திரும்ப இதையே சொல்கிறாள் என்று சத்யப்பிரியா ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லிக்கொடுக்க வந்த சித்ரகலா டீச்சர் பலகையில் ஒரு பக்கம் ஐ, யூ, வீ என்று எழுதி, அதற்கு நேராக கோ, டேக், வாக் என்று எழுதினார். இன்னொரு பக்கம் ஷீ என்று எழுதி, கோஸ், டேக்ஸ், வாக்ஸ் என்று எழுதினார். நான் போனால் கோ, நீ போனால் கோ, ஆனால் அவள் போனால் கோஸ். அவள் என்ன செய்தாலும் அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு எழுத்து வந்து ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"அங்கயும் அப்படித்தானுங்களா மிஸ்? பொம்பள வந்துட்டாளேன்னு எச்சா ஒரு வேலையச் சேத்தி ஒட்டி உட்டர்றாங்களாட்ட இருக்குது" என்றாள் சத்யப்பிரியா.

கேன்டீன் அதிர்ந்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, ஹீ என்று வந்தாலும் இதே மாதிரிதான் என்றார்.

"அவுங்கள உடுங்க மிஸ். அவுங்க என்ன பண்றாங்கன்னு நமக்கெதுக்கு" என்றாள் செக்கிங் பிரிவு ரோஸ்மேரி.

எழுதிப் படித்தால் இவர்களுக்கு ஏறாது என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு விளையாட்டுச் சொன்னார். ஒருத்தி முன்னால் வர வேண்டும். இந்தக் கம்பெனியில் இருக்கிற இன்னொருத்தியை மனதில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவள் செய்வதையெல்லாம் செய்து காட்ட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொன்றையும் ஷீ போட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த ஷீ யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல விளையாட்டுதான். ரோஸ்மேரி போய், மிஷின் மேல் தலை சாய்ந்து சாய்ந்து விழிக்கிற சுப்புலட்சுமியைச் செய்தாள். "ஷீ ஸ்லீப்ஸ்" என்று நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். நாக்கில் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கையில் டீ டம்ளரோடு சிவபிரகாஷ் வந்து பின்னால் நின்றார்.

சத்யப்பிரியா அவரைப் பார்த்தாள். இன்றைக்கு விட்டால் வேறு என்றைக்கு என்று தோன்றியது. யாரும் கூப்பிடாமலேயே எழுந்து முன்னால் போனாள். யாரைச் செய்யலாம் என்று ஒரு நொடிதான் யோசித்தாள். தினமும் பக்கத்தில் பார்க்கிறவளை விட்டால் வேறு யாரை அவ்வளவு நன்றாகச் செய்ய முடியும்.

அக்கம்பக்கம் பார்த்தாள். கீழே ஒரு மூட்டை இருப்பது போல் கையை விட்டுத் துழாவினாள். ஒரு துண்டை எடுத்து, கலர் பார்த்து, மூஞ்சியைச் சுளித்துத் தூர எறிந்தாள். இன்னொன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்து மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தாள். மடியில் விரித்து நீவினாள். நாலாக மடித்தாள். டிபன் டப்பாவைத் தூக்கி, அதற்கு அடியில் வைத்து மூடினாள்.

"ஷீ லுக்ஸ்." "ஷீ டேக்ஸ்." "ஷீ ஃபோல்ட்ஸ்." குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "ஒளிச்சு வெக்கிறதுக்கு என்னங்க மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். ஹைட் என்றார் டீச்சர். "ஷீ ஹைட்ஸ்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

அங்கே இருந்த பெண்கள் யாருக்கும் அது புதிய சேதி இல்லை. துணி வெட்டும்போது விழுகிற துண்டுகளை மூட்டை கட்டி, வேஸ்ட் வியாபாரிக்கு எடை போடுவார்கள். அதில் ஒரு துண்டை எடுத்தாலும் வேலையை விட்டு நிறுத்தப்படுவார்கள் என்று கேட்டில் போர்டு இருக்கிறது. எடுக்காத பெண் அந்தக் கம்பெனியில் இல்லை. அடுப்படிக்கு ஒன்று, வண்டி துடைக்க ஒன்று என்று பையில் போட்டுக்கொண்டு போவார்கள். கேட்டில் காவலுக்கு நிற்கிற நல்லானுக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த ரகசியத்தை ஊரே பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பிறகு சத்யப்பிரியா எழுந்தாள். எழுந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பிரமாதம். மேசையைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்து, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு முழுசாக நிமிர்ந்தாள். தொடைகளை ஒட்ட வைத்துக்கொண்டு, காலைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, தலையில் நிறைகுடம் இருப்பவள் மாதிரி நடந்தாள். கேன்டீனின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தாள்.

"ஷீ வாக்ஸ்" என்று சொல்ல முடியாமல் சிரித்தார்கள். ரோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராமுத்தாயக்கா" என்று ஐந்தாறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ராமுத்தாயும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்யப்பிரியா அதைப் பார்த்தாள். பின்னால் நின்ற மேனேஜர் சிரித்ததையும் பார்த்தாள். அவர் டீச்சரிடம் போய் ஏதோ கேட்டதையும், டீச்சர் தலையாட்டியதையும் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டி தானாகவே போன மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மணி அடித்து, பெண்கள் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். வரிசை நகரவில்லை. எட்டிப் பார்த்தால், நல்லான் ராமுத்தாயின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சிவபிரகாஷ்.

"கொஞ்சம் தொறந்து காட்டுங்கம்மா. என்னையச் சொல்லாதீங்க, மேல சொல்லீட்டாங்க" என்று நல்லான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ராமுத்தாய் பையை விடவில்லை. நல்லான் இழுக்கவும் இல்லை. கடைசியில் சிவபிரகாஷே வாங்கி டிபன் டப்பாவை வெளியில் எடுத்து வைத்தார். அடியில் இருந்த வெள்ளைத் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறினார். கைக்குழந்தைச் சட்டைக்கு வெட்டிய மெத்தென்ற இன்டர்லாக் துணி. நாலாக மடித்த மடிப்பு கலைந்து, எல்லோர் கண் முன்னாலும் தொங்கியது.

"எதுக்குங்கம்மா இத்தன? வெள்ளையாப் பாத்துப் பொறுக்கி வெச்சிருக்கறீங்க. வெளியில விக்கறீங்களா?"

அடுப்படிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திட்டிவிட்டு விட்டிருப்பார். வரிசையில் நின்ற சத்யப்பிரியா மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்: சொல்லுங்க்கா, அடுப்படிக்குன்னு சொல்லுங்க்கா. ராமுத்தாய் வாயே திறக்கவில்லை. அந்தத் துணிகளை ஆண்கள் கையில் பார்க்க முடியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய முகம் சத்யப்பிரியாவின் முகத்துக்கு நேராக வந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை என்று பிற்பாடு சத்யப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வர வேண்டாமுங்க. கூப்பிடறப்ப வந்தாப் போதும்" என்றார் சிவபிரகாஷ்.

ராமுத்தாய் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அதே நடை. சின்னச் சின்ன அடி. பின்னால் யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் "ஷீ வாக்ஸ்" என்று முணுமுணுக்க, இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

சத்யப்பிரியாவின் முறை வந்தது. அவள் பையில் ஸ்கூட்டி துடைக்க ஒரு நீலத் துண்டு இருந்தது. கை தானாகவே பையை இறுக்கியது.

"நீ போ கண்ணு" என்றார் நல்லான். மேனேஜரும் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அவள் போனாள். வெளியே வந்து, பழக்கத்தில் அந்த நீலத் துண்டை எடுத்து ஸ்கூட்டி சீட்டைத் துடைத்தாள். பாதியில்தான் தன் கை என்ன செய்கிறது என்று தெரிந்தது. துண்டைக் கசக்கி வேலிக்குள் வீசினாள். வீசுவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். அப்படிப் பார்த்ததை நினைத்தபோது உடம்பு கூசியது.

ராமுத்தாய் இல்லாமல் அந்த மிஷின் உறை போட்டபடி கிடந்தது. மதியம் சத்யப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை ஓவர்டைம் பார்க்காமல் ஒரு ஷிப்டோடு பெர்மிஷன் போட்டுவிட்டு ராமுத்தாய் வீட்டுக்குப் போனாள். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள லைன் வீடு அது. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ்.

ராமுத்தாய் கதவைத் திறந்து, "வா பிள்ள" என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி. அதுவே சத்யப்பிரியாவுக்குத் தாங்க முடியவில்லை.

"டீ போடுதேன். உக்காரு. அவுக சாயப்பட்டறைக்குப் போயிருக்காவ."

ராமுத்தாய் ஸ்டவ் பக்கம் திரும்பியபோது சத்யப்பிரியா அறையைப் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் மூலையில் ஒரு கயிறு. அதில் ஒரு பழைய சேலை இரண்டாக மடித்துப் போடப்பட்டிருந்தது. ஃபேன் காற்றில் சேலை விலகிய இடத்தில், அதற்கு அடியில் மறைத்து வரிசையாகக் காயப்போட்ட வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியவை.

எந்தப் பெண்ணும் பார்த்ததும் தெரிந்துகொள்கிற விஷயம். ஆனால் இந்த அக்காவுக்கு அந்த வயது தாண்டிவிட்டதே என்று சத்யப்பிரியா விழித்தாள். டம்ளரோடு திரும்பிய ராமுத்தாய் அவள் பார்க்கிற இடத்தைப் பார்த்துவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சேலையை இழுத்து மூடினாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அது இல்ல பிள்ள. இது வேற." சேலை மடிப்பை முழங்காலில் நீவிவிட்டுக்கொண்டாள். "மூத்திரம் நிக்க மாட்டேங்கு. தும்முனா வந்துருது. எந்திரிச்சா வந்துருது. வருசக்கணக்கா அடக்கி அடக்கி வச்சிருந்தம்லா, இப்ப அது நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்கு. டாக்டரம்மா அடக்கக் கூடாதுங்கா. முனீசுப் பயகிட்டப் போயி நேரத்துக்கு நேரம் கார்டு கேக்க முடியுமா? கடையில விக்கத வாங்குனா கட்டுபடியாகாது, புண்ணாவும் ஆயிருது. இந்தப் பிள்ளைக துணிதான் உறுத்தாது."

சத்யப்பிரியா டம்ளரைக் கையில் எடுக்கவில்லை.

"அவுகளுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. எந்திரிச்ச உடனே ஒரு நிமிசம் நிக்கணும். பொறவு காலச் சேத்து வச்சு மெல்ல நடக்கணும். நீ நடந்து காட்டுனியே, அப்படியேதான்." ராமுத்தாய் அவளைப் பார்த்தாள். "நல்லா நடந்த பிள்ள. நான் அப்படித்தான் நடக்கேம்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

சத்யப்பிரியாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த நடையை அவள் பல நாள் பார்த்துப் பார்த்துப் பிடித்திருந்தாள். எழும்போது பாதியில் நிற்கிற அந்த ஒரு நொடியைக்கூட விடாமல் பிடித்திருந்தாள். இவ்வளவு உற்றுப் பார்த்தவள் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நான் போயி மேனேஜர்கிட்டப் பேசறனுங்க்கா."

"என்னன்னு பேசுவ?"

ராமுத்தாய் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாயத் தொறந்துராத. என் மேல சத்தியம் பண்ணு. திருடின்னு சொன்னா ஒரு மாசம் பேசுவாவ, பொறவு மறந்துருவாவ. இதைச் சொன்னா நான் எந்திரிக்கும் போதெல்லாம் பாப்பாவ." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "எனக்கு அந்த வேலை வேணும் பிள்ள. வேற கம்பெனிக்குப் போனாலும் இதே கார்டு, இதே கதைதான். இங்கன்னா ஒரு மூலை மிஷினாவது இருக்கு."

சத்யப்பிரியா சத்தியம் பண்ணினாள். டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு சிவபிரகாஷ் டீ டம்ளர் இல்லாமல் வந்து, நாற்காலி போட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. ரோஸ்மேரி சத்யப்பிரியாவின் இடுப்பில் கிள்ளி, "சூப்பர்வைசரம்மா, எங்களை மறந்துராதீங்க" என்றாள். டீச்சர் பலகையில் ஷீ டஸ் நாட் கோ, ஷீ டஸ் நாட் டேக் என்று எழுதினார். அவள் ஒன்றைச் செய்யவில்லை என்று சொல்லும்போது ஒட்டியிருந்த எழுத்து கழன்றுவிடும் என்றார். செய்யாதவளுக்குச் சுமை இல்லை என்று சத்யப்பிரியா நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

"மிஸ், போன வாரத்து வெளையாட்டையே இன்னொருக்கா வெளையாடலாமுங்களா?" என்று எழுந்து நின்றாள். கேன்டீன் கைதட்டியது. மேனேஜரும் தட்டினார்.

அவள் முன்னால் போய் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்தாள். மூட்டைக்குள் கையை விட்டாள். "ஷீ டேக்ஸ்" என்று ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அவள் கலரைப் பார்க்கவில்லை, கையில் வந்ததை எடுத்துச் சுருட்டிப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் திணித்தாள். "ஷீ ஹைட்ஸ்." ராமுத்தாய்தான் என்று நினைத்துச் சிலர் இப்போதே சிரித்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். "ஷீ வாக்ஸ்" என்ற குரல்களில் ஒரு குழப்பம் கேட்டது. ராமுத்தாய் இப்படி நடக்க மாட்டாளே. கேட்டில் நின்று, காவல்காரரைப் பார்த்து ஒரு சலாம் வைத்து, பல்லைக் காட்டினாள். "ஷீ லாஃப்ஸ்." வெளியே வந்தாள். ஜிப்பைத் திறந்து துண்டை எடுத்தாள். சீட்டைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடியில் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். ஸ்டாண்டைக் காலால் தட்டினாள்.

துடைப்பதற்கு வைப்ஸ் என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அந்தப் பின்னலை முன்னால் எடுத்துப் போடுவதை எல்லோரும் தினமும் பார்க்கிறவர்கள். சொல்லவே வேண்டாத அளவுக்கு அவள் நன்றாகச் செய்திருந்தாள். அந்த நேரத்திலும், நன்றாகச் செய்தோம் என்று உள்ளே ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதற்கும் சேர்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"யாருங்க அது?" என்றார் சிவபிரகாஷ். முகத்தில் சிரிப்பு பாதி இருந்தது.

"நானுங்க சார்."

"தமாசுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க சத்யா."

"தமாசு இல்லீங்க சார். ராமுத்தாயக்கா எடுத்ததுக்கு அனுப்பீட்டீங்க. நானும் எடுத்திருக்கறனுங்க. அன்னிக்கு அவுங்க பையத் தொறந்தப்ப, பொறத்தாலயே நின்ன என்ற பையில இருந்துச்சுங்க. போ கண்ணுன்னாங்க, நான் பேசாமப் போயிட்டனுங்க. அவுங்கள நிறுத்துனா என்னையும் நிறுத்தோணுமுங்க. இல்லாட்டி அவுங்களயும் வரச் சொல்லோணுமுங்க."

இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் சத்தியம் போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். யாராவது எழுந்து நானும்தான் என்று சொல்வார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. ரோஸ்மேரி தன் நகத்தைப் பார்த்தாள். சுப்புலட்சுமி பலகையைப் பார்த்தாள். பையை மடியில் வைத்திருந்தவர்கள் காலுக்கு அடியில் தள்ளினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, போன திங்கட்கிழமை அவளும் அதைத்தான் செய்தாள்.

சிவபிரகாஷ் எழுந்து நாற்காலியைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். கப்பல் ஏற வேண்டிய சரக்கு தேங்கிக் கிடக்கிற நேரத்தில் இரண்டு கைகளை இழக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது.

"அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லுங்க. துணி எடுக்கறத இதோட ரெண்டு பேரும் நிறுத்திக்குங்க."

"சூப்பர்வைசர் வேலை பத்திச் சொல்றேன்னீங்களே சார்" என்று விஷயம் புரியாத டீச்சர் நினைவுபடுத்தினார்.

"பாக்கலாமுங்க" என்றார் அவர். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை ராமுத்தாய் வந்தாள். மிஷின் உறையை எடுத்து மடித்து வைத்தாள். பக்கத்தில் இருந்த சத்யப்பிரியாவைப் பார்த்து, "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டாள். நடந்ததை யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள் என்பது தெரிந்தது. நன்றி சொல்வாளோ என்று பயந்துகொண்டிருந்த சத்யப்பிரியாவுக்கு, அவள் சொல்லாதது நிம்மதியாக இருந்தது. லைன் நடுவில் முனீஸ் நின்றுகொண்டிருந்தான். கார்டு அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. பகல் முழுவதும் ராமுத்தாய் அதைக் கேட்கப் போகவில்லை, தண்ணீர் பாட்டிலையும் தொடவில்லை. சத்யப்பிரியா பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள், முனீஸைப் பார்த்தாள், ராமுத்தாயின் ஸ்டூலைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ராமுத்தாயின் கை மிஷினில் ஒரு நொடி தடுமாறியது.

மதியம் சத்யப்பிரியா டப்பாவைத் திறந்து காத்திருந்தாள். ராமுத்தாய் பசியில்லை என்று சொல்லி மிஷினிலேயே இருந்துவிட்டாள்.

சாயங்காலம் மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ராமுத்தாய் எழவில்லை. நூல் கோத்திருந்த ஊசியிலிருந்து நூலை உருவி, மறுபடியும் கோத்துக்கொண்டிருந்தாள். லைன் காலியானது. சத்யப்பிரியா பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"போலாமுங்களாக்கா?"

"நீ போ பிள்ள."

"நான் நிக்கறனுங்க. சேந்தே போலாம்."

ராமுத்தாய் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ முன்னால போ" என்றாள். கெஞ்சுகிற குரல் அது.

அப்போதுதான் சத்யப்பிரியாவுக்குப் புரிந்தது. அந்த நடையைக் கம்பெனியே பார்த்திருக்கிறது, சிரித்திருக்கிறது, ஆனால் அது என்ன நடை என்று தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். அவள் கண்ணுக்கு முன்னால் மட்டும் ராமுத்தாயால் எழுந்திருக்க முடியாது. இனி எந்தச் சாயங்காலமும் முடியாது.

"சரிங்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கேட்டை நோக்கி நடந்தாள். பாதி தூரம் போனபோது பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. சத்யப்பிரியா திரும்பிப் பார்க்காமல், இன்னும் எட்டி நடந்தாள்.